கொள்ளிடத்துத் திட்டு ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடம் கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால், ஆற்றின் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிறு திட்டில் எங்கள் ஊர் இருக்கிறது. மண்ணையும் நீரையும் காடுகளையும் ஊராரே கூடிப் பேணுவது எப்படி, அதோடு பிழைப்பையும் நடத்துவது எப்படி என்று ஊர்க்கூட்டத்திலும், பார்க்க வரும் மாணவர்களிடமும், உதவ வரும் வெளியூர்க்காரர்களிடமும் ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்விகளும் விடைகளும் இவை. பெரும்பாலானவை கூட்டத்தில் பேசி ஒத்துக்கொண்டவை. என் சொந்தக் கருத்தாக வருமிடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

திட்டு, படுகை, தீவு என்று மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, என்ன வேறுபாடு?

ஆறு சுமந்து வந்த மணலும் வண்டலும் நடு ஆற்றில் தங்கி மேடானால் அது திட்டு. கரைக்கும் ஓடும் நீருக்கும் இடையில் கிடந்து, வெள்ளம் வந்தால் மூழ்கியும் வடிந்தால் விளைந்தும் பயன்தரும் நிலம் படுகை. நாற்புறமும் நீர் சூழ்வதால் செய்தித்தாள்கள் 'தீவு கிராமம்' என்று எழுதுகின்றன. மயிலாடுதுறை மாவட்டத்தின் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல், கடலூர் மாவட்டத்தின் திட்டுக்காட்டூர், அக்கரைஜெயங்கொண்டபட்டினம் ஆகிய பெயர்களைக் கேட்டாலே அந்த ஊர்கள் எப்படி உண்டாயின என்று பாதி விளங்கிவிடும். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள ஸ்ரீரங்கமும் ஆற்றுத் தீவுதான் என்றாலும், அதன் கதை வேறு. இங்கே பேசுவது கடைமடையின் சிறு திட்டுகளைப் பற்றி மட்டுமே.

ஆண்டுதோறும் மூழ்கும் இடத்தில் ஏன் குடியிருக்க வேண்டும்? எல்லோரையும் மேட்டு நிலத்துக்கு மாற்றிவிடலாமே?

முதலில், ஆண்டுதோறும் மூழ்குவதில்லை. கொள்ளிடம் காவிரியின் வடிகால். பாசனத்துக்கு வேண்டிய நீரைக் காவிரியும் வெண்ணாறும் எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சுவதை எல்லாம் கொள்ளிடம்தான் கடலுக்குக் கொண்டுபோகிறது. மேட்டூர் அணை நிரம்பாத ஆண்டுகளில் எங்கள் ஊரைச் சுற்றி மணல்தான் வெயிலில் காயும். அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் ஆண்டுகளில், 2018, 2022 ஆகியவற்றின் ஆகஸ்டு மாதங்களில் நேர்ந்ததுபோல, திட்டு ஊர்கள் படகில் வெளியேற வேண்டியிருக்கும்.

அந்த நீரின் அளவை உணர ஒரு கணக்கு உதவும். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடி ஓடுகிறது என்றால் ஒரு நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல் கடலுக்குப் போகிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணை ஐந்தரை நாளில் காலியாகும் வேகம் அது. அப்படிப்பட்ட நீரின் நடுவில் யாரும் வீம்புக்காக இருக்க மாட்டார்கள்.

இருப்பதற்குக் காரணம் மண். வெள்ளம் வடிந்தபின் தங்கும் வண்டலில் கத்தரி, வெண்டை, மிளகாய், முல்லை எல்லாம் அதிக உரமில்லாமலே வருகின்றன. கிழக்கே போனால் கழிமுகத்தில் மீனும் நண்டும் இறாலும் கிடைக்கின்றன. மேட்டு நிலத்தில் மூன்று சென்ட் மனை தருகிறோம் என்பவர்கள் இந்த இரண்டையும் எங்கே தருவார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. வெள்ள நாட்களுக்குக் கரையில் உயரமான தங்குமிடமும் மாட்டுக்கு ஒரு கொட்டகையும் இருந்து, மற்ற நாட்களில் திட்டில் வாழ்வது எங்களுக்கு ஏற்ற ஏற்பாடு என்று கூட்டத்தில் முடிவானது. இதில் ஒரு விலக்கு உண்டு. ஓட்டம் திரும்பி அடியோடு அரித்துக்கொண்டிருக்கும் முனையில் உள்ள வீடுகள் பின்னுக்கு வரத்தான் வேண்டும். அந்த வீட்டுக்காரர்களுக்குத் திட்டின் உள்ளேயே இடம் ஒதுக்குவது ஊரின் பொறுப்பு.

ஆறு நீர்வளத் துறையுடையது, காடு வனத்துறையுடையது. ஊரார் எதற்காக முன்னின்று செய்ய வேண்டும்?

உரிமை அவர்களுடையது, உண்மைதான். ஊராரின் அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் ஆற்றில் ஒரு கூடை மண் வெட்ட முடியாது. ஆனால் ஒரு வாய்க்கால் எந்த மாதம் தூர்கிறது, எந்தக் கரை எந்தக் காற்றுக்குச் சரிகிறது என்பது பணிமாற்றம் ஆகிச் செல்லும் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டெல்டாவுக்கு இது புதிய யோசனையும் இல்லை. ஏரி, வாய்க்கால்களை அந்த நீரால் பிழைப்பவர்களே கூடி மராமத்துச் செய்யும் குடிமராமத்து வழக்கம் இங்கே வேரூன்றியிருந்தது. அந்த வழக்கமான உழைப்பைத் தர மறுப்பவரை வற்புறுத்த 1858 இல் ஆங்கிலேயர் ஒரு சட்டமே இயற்றினார்கள். சட்டம் வந்த காலத்திலேயே வழக்கம் தளரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. மனமுவந்து வருகிறவனுக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

இன்றைக்குக் கையில் இருக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூட வேண்டும். மற்றொன்று, 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, தன் எல்லைக்குள் உள்ள செடி, கொடி, மீன், பறவை, நாட்டு விதை, அவற்றைப் பற்றிய ஊராரின் அறிவு ஆகியவற்றுக்குப் பதிவேடு எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. பல ஊர்களில் அந்தப் பதிவேடு வேறொரு ஊருடையதைப் பார்த்து எழுதியதாக இருக்கும். ஆற்றில் இல்லாத மீனெல்லாம் அதில் நீந்தும். நாமே உட்கார்ந்து எழுதினால், பின்னாளில் ஒரு திட்டத்துக்கு எதிராகவோ ஆதரவாகவோ பேசும்போது எடுத்துக்காட்ட ஒரு தாளாவது மிஞ்சும்.

அலையாத்திக் கன்றுகளை நட்டோம், எல்லாம் காய்ந்துவிட்டன. என்ன தவறு?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அலையாத்தி என்பது கழிமுகத்து உப்புச் சேற்றில் வளரும் மரம், கண்டல் என்றும் சொல்வோம். எங்களுக்கும் நேர்ந்தது. உதவ வந்த ஓர் அமைப்பு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கன்றுகளைக் கொடுத்து, நட்டுப் படமும் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த சித்திரையில் அங்கே குச்சிகள்தான் நின்றன. கன்றின் மேல் தவறில்லை. நட்ட இடத்துக்கு நீர் வரவும் போகவும் வழியில்லாமல் இருந்தது.

பிச்சாவரத்தின் அனுபவம் இதை நன்றாக விளக்கும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள அந்தக் காட்டில் 1970கள் வரை கூப்பு விட்டு, பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. தரை ஒரு தட்டுப்போலக் குழிந்தது. ஓதம் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது) ஏறும்போது உள்ளே வந்த உப்புநீர், இறங்கும்போது வெளியேற முடியாமல் அந்தக் குழியில் தேங்கியது. வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் சென்றது. நாளுக்கு நாள் ஏறிய அந்த உப்பில், உப்பிலேயே வாழப் பிறந்த கண்டலும் முளைக்கவில்லை. விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்ந்தது என்று ஊராரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மூலக் காரணம் மண்ணின் மட்டத்தில் இருந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990களில் இதைக் கண்டுகொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டும் முறையைக் கையாண்டன. அருகிலுள்ள இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள், பார்ப்பதற்கு ஒரு மீனின் முள் போல இருக்கும். ஓதம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தேங்கிய உப்பு கழுவப்பட்டது. வாய்க்காலின் சரிவில், நீர் ஏறி இறங்கும் மட்டத்தில், வெண்கண்டலை நட்டார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஊரார் குழுக்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வேலை நடந்தது. சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வதில் தவறில்லை. கன்றை விட வாய்க்காலை நம்புவது டெல்டாக்காரனின் புத்திதானே.

ஆகவே, நடுவதற்கு முன் ஓர் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ, ஓதம் உயர்ந்து நிற்கும் நேரத்தில், அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நம் பக்கத்துக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஒரு சாண் மேடு பள்ளம்கூட உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடும். நீர் எட்டவில்லை என்றால் அங்கே நட வேண்டாம். எட்டிய நீர் வடியவில்லை என்றால் முதலில் வாய்க்கால். நீர் தானாக வந்து போகிற இடமாக இருந்து, பக்கத்தில் தாய்மரமும் இருந்தால், நட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது, விதை தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். வெட்டிய வாய்க்கால் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். அதைத் திரும்பத் தூர்வாருவதற்குப் பணம் ஒதுக்காத திட்டத்தை ஏற்றுக்கொள்வதில்லை என்று எங்கள் கூட்டம் முடிவு செய்திருக்கிறது. நட்ட கன்றின் எண்ணிக்கையைக் கேட்பவர்களிடம் நாங்கள் சொல்வது, மூன்றாம் ஆண்டு வந்து எண்ணுங்கள் என்பதுதான்.

சேற்றுத் திடல் எல்லாவற்றையும் காடாக்க வேண்டும் என்பதும் இல்லை. நீர் வடிந்த சேறு, வலசை வரும் உள்ளான்களும் பூநாரைகளும் இரை தேடும் இடம். அங்கே கண்டலை அடர்த்தியாக நட்டால் ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை விரட்டியதாகும். ஆமை முட்டையிடும் மணற்பரப்பில் அலை எட்டும் தூரம்வரை சவுக்கை நடுவதும் அப்படிப்பட்டதே. கடலோர மணல்மேட்டைப் பிடித்துவைக்க அடம்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாமாகவே வருகின்றன, அவற்றை மிதிக்காமல் விட்டாலே போதும்.

சுனாமியை அலையாத்திக் காடு தடுத்தது என்பது உண்மையா?

அளவோடு சொல்ல வேண்டிய உண்மை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் அந்தக் கடற்கரையின் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று 2005 இல் எழுதினார்கள். அதே தரவை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து ஊரின் தொலைவும் நிலத்தின் உயரமுமே வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன என்றார்கள். காடு இருக்கும் இடம் இயல்பாகவே கடலிலிருந்து உள்ளொடுங்கியது என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதில்லை. புயலின்போது காற்றையும் அலையையும் காடு தணிக்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே முறிந்து கிடந்தது. காடு இருக்கிறது என்ற தைரியத்தில் எச்சரிக்கையை மதிக்காமல் வீட்டில் இருப்பவரைக் காடு காப்பாற்றாது.

திட்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் கட்டிவிட்டால் என்ன?

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இந்தக் கோரிக்கை எழும். கேட்பவரின் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றிருக்கும் என்பதால் அதை எளிதாகத் தள்ளவும் முடியாது. ஆனாலும் விளைவை யோசிக்க வேண்டும். நடு ஆற்றில் நிற்கும் சுவர் ஓட்டத்தை நெருக்கும். நெருங்கிய நீர் எதிர்க்கரையை உடைக்கும். சுவர் எங்காவது ஓரிடத்தில் விட்டால், உள்ளே புகுந்த நீர் ஆறு வடிந்த பிறகும் வடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டல் வராமல் போகும். வண்டல் வராத திட்டு மெல்ல மெல்ல ஆற்றை விடத் தாழ்ந்துபோகும்.

அரிக்கும் முனைக்கு மட்டும் கல் அடுக்குவது, மற்றக் கரைகளுக்கு நாணல், மூங்கில், வெட்டிவேர், மேட்டில் பனை, வீட்டுக்குச் சுவருக்குப் பதிலாக உயர்ந்த அடித்தளம் என்ற கலவைதான் எங்கள் ஊரின் நிலைப்பாடு. நாணல் வெள்ளத்தில் படுத்து எழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிணற்று நீர் உப்பாகிவிட்டது. மீண்டும் நன்னீர் ஆகுமா?

ஆகும், பொறுமையும் கட்டுப்பாடும் இருந்தால். திட்டின் மணலுக்குள் மழைநீரும் ஆற்றுநீரும் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதக்கின்றன. நன்னீர் எடை குறைவானது என்பதுதான் காரணம். ஒரே சீரான மணலில், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். நிலத்தடியில் களிமண் அடுக்குகள் குறுக்கிடுவதால் கணக்கு அப்படியே பலிக்காது என்றாலும், போக்கு இதுதான்.

ஆகையால், ஆழ்துளைக் கிணற்றைப் போட்டு ஆழம் ஆழமாகப் போவது திட்டில் தற்கொலைக்குச் சமம். அகலமான, ஆழமில்லாத கிணறுகள் பலவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே சரி. கோயில் குளத்து நீரையும் பள்ளிக்கூரையின் மழைநீரையும் மணலுக்குள் இறக்குவது அடுத்த வேலை. ஆற்றின் குறுக்கே கடைமடையில் கதவணை கட்டி, கடல்நீர் மேலேறுவதைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் கொள்ளிடக் கரையில் நெடுநாளாக இருக்கிறது. மேலே ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கதவணை எழுந்திருக்கிறது. கதவணைக்கு மேற்பக்கம் உள்ளவர்களுக்கு அதனால் நன்மைதான். கீழ்ப்பக்கம் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கும் கழிமுகத்து மீனுக்கும் கோடையில் கொஞ்சமாவது நன்னீர் விட வேண்டும் என்பதை இயக்க விதிகளிலேயே எழுதிவைக்கும்படி கேட்பது அவசியம். கேட்காவிட்டால் யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

மணல் நம் கண் முன்னால் குவிந்து கிடக்கிறது. ஊர் வளர்ச்சிக்காகக் கொஞ்சம் விற்றால் என்ன?

கூடாது. மேற்சொன்ன நன்னீரைத் தாங்கி நிற்பது அந்த மணல்தான். ஆற்றின் அடிமட்டம் இறங்கினால் கடல்நீர் இன்னும் மேலே ஏறும். இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், அவர் வீட்டு வாசலில் அண்மையில் எந்த லாரி நின்றது என்பதையும் கூட்டம் கவனிக்கட்டும்.

இறால் குட்டை போட்டால் லாபம் என்கிறார்களே?

முதல் சில ஆண்டுகள் லாபம்தான், மறுப்பதற்கில்லை. 1990களில் நாகப்பட்டினம் பக்கத்து வயல்கள் எத்தனையோ இறால் குட்டைகளாக மாறின. உப்புநீர் கசிந்து பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன, வயல் வேலை செய்துவந்த நிலமற்றவர்கள் வேலையிழந்தார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீவிர இறால் வளர்ப்புக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு வழங்கியது. பிறகு 2005 இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு செய்துகொண்டு விதிகளுக்கு உட்பட்டு நடத்த வழிவிட்டது. ஆகவே சட்டப்படி முழுத் தடை என்று சொல்ல முடியாது. 2020 இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டியும் பயனில்லை. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், தோல் பதனிடுதல், உருக்காலை போன்றவற்றைத்தான் அது தடுக்கிறது.

எங்கள் முடிவு சட்டத்தைச் சார்ந்ததன்று. அரை மைல் அகலமுள்ள திட்டில் ஒருவர் குட்டையின் உப்பு மற்றவர் கிணற்றுக்கு வர அதிக நாள் பிடிக்காது. ஆகவே நிலத்தை வெட்டிக் குட்டை போடுவதில்லை. ஓதம் தானே வந்து போகும் ஓடைகளில் சிறு நண்டுகளைக் கூண்டில் விட்டுக் கொழுக்க வைத்து விற்பதை மகளிர் குழு ஒன்று செய்துபார்க்கிறது. வருமானம் சுமார்தான். நட்டமில்லை.

என்ன பயிர் செய்யலாம்?

குறுவையில் ஆடி வெள்ளத்துக்கும், சம்பாவில் ஐப்பசி மழைக்கும் அஞ்ச வேண்டிய இடம் இது. நீரில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டெழும் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் தாழ்ந்த வயலுக்கு ஏற்றது. உப்பு ஏறிய நிலத்தில் களர்பாலை, குழியடிச்சான் போன்ற பழைய நெல்லை முயலலாம். இப்படிப்பட்ட விதைகள் இன்று கிடைக்கின்றன என்றால், அதில் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி விதை பரப்பிய நெல் ஜெயராமனுக்குப் பெரிய பங்கு உண்டு. விளைச்சல் புதிய ரகத்தை விடக் குறைவு என்பதை மறைக்க வேண்டாம். முழுப் பரப்பிலும் போடாமல், வேறெதுவும் வராத வயலில் போடுவதே நல்லது என்பது என் கருத்து. காய்கறியையும் முல்லையையும் வெள்ளம் வடிந்த பின் நட்டு, அடுத்த ஆடிக்குள் பலன் எடுத்துவிட வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் பட்டா கேட்பார்கள். படுகை நிலம் பலவற்றுக்குப் பட்டா இல்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் சான்றையாவது கிராம நிர்வாக அலுவலரிடம் ஆண்டுதோறும் கேட்டு வாங்கி வைத்திருப்பது பின்னால் உதவும்.

முதலை வந்தால் என்ன செய்வது?

ஒரு திட்டுக்கே முதலைமேடு என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் சதுப்பு முதலைகள் உண்டு. ஆட்களைத் தாக்கியதும் உண்டு. ஊருக்குள் வந்ததை வனத்துறையினர் பிடித்துச் சிதம்பரம் அருகே வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். கோழிக் கழிவை ஆற்றில் கொட்டுவதை நிறுத்துவதும், குளிக்கும் துறைக்கு மூங்கில் வேலி அடைப்பதும், அந்தி சாய்ந்த பிறகு முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காமல் இருப்பதும் நம் கையில் உள்ளவை.

சுற்றுலாவை வரவேற்கிறீர்களா?

பிச்சாவரம் 2022 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இந்தப் பக்கம் வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். வருபவரைத் தடுக்க வேண்டாம் என்பதில் ஊருக்குக் கருத்தொற்றுமை உண்டு. எப்படி என்பதில் இல்லை. இளைஞர்கள் மோட்டார் படகு கேட்கிறார்கள். குறுகிய ஓடைகளில் மோட்டார் எழுப்பும் அலை சேற்றுக் கரையை அரிக்கும், வலையையும் கிழிக்கும் என்று மீன்பிடிப்பவர்கள் சொல்கிறார்கள். இப்போதைக்குத் துடுப்புப் படகு மட்டும், முறை வைத்து ஓட்டுவது, கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்கு என்று ஓர் இடைக்கால ஏற்பாடு இருக்கிறது. தங்கும் விடுதி கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அவர்களின் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை.

குப்பையை என்ன செய்கிறீர்கள்?

படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறோம். செலவு பிடிக்கும் வேலை என்பதால், உள்ளே வருவதைக் குறைப்பதே மலிவு என்று தானாகவே புரிந்துவிட்டது. கடை வைத்திருப்பவர்கள் வெறும் பையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். மேலிருந்து ஆறு கொண்டுவரும் குப்பைக்கு எங்களிடம் வழியில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கண்டல் வேர்களில் மாட்டிக்கொண்டிருப்பது திருச்சியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்த பைகள்.

முடிவுகளை யார் எடுக்கிறார்கள்? பெரியவர்கள் நாலு பேர்தானே?

நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலமுள்ளவர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். ஓடையில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் மண்டபத்துக்கு வெளியே நிற்கும். ஓடை எங்கே தூர்ந்திருக்கிறது என்பது அந்த வெளியே நின்றவர்களுக்குத்தான் விரல் நுனியில் தெரியும். முதன்முறை வாய்க்கால் வெட்டியபோது அவர்களைக் கேட்காமல் கோடு போட்டோம், அது மீன் ஏறிவரும் வழியை மறித்தது. மறு ஆண்டு அதை மூடி வேறிடத்தில் வெட்ட வேண்டியதாயிற்று. இப்போது கூட்டம் மண்டபத்தில் நடப்பதில்லை. எல்லோரும் வரக்கூடிய படகுத்துறையில், மீன்பிடிக்கப் போகாத நேரத்தில் நடக்கிறது. பெண்கள் வருகிறார்கள், பேசுகிறவர்கள் இன்னும் சிலர்தான். ஊர்ப் பொதுப் பணத்தின் வரவு செலவைப் படகுத்துறைப் பலகையில் எழுதுகிறோம். எழுதத் தொடங்கிய பிறகு சண்டை கூடியிருக்கிறது, திருட்டு குறைந்திருக்கிறது.

வெளிநாட்டு நிறுவனம் கரிமத்துக்குப் பணம் தருகிறதாம். கையெழுத்துப் போடலாமா?

அலையாத்திச் சேறு கரிமத்தை மிகுதியாகப் புதைத்து வைக்கிறது என்பது உண்மை, தாம் வெளியிடும் புகைக்கு ஈடாக அதற்குப் பணம் தர முன்வருகிறார்கள். ஆனால் காடு ஊருடைய சொத்தன்று. காப்புக்காட்டைப் பற்றி ஊரார் ஒப்பந்தம் போட முடியாது. எந்தத் தாளையும் தமிழில் எழுதித் தரச் சொல்லி, கிராம சபையில் உரக்கப் படித்த பிறகே பேச்சைத் தொடங்கவும்.

எங்கள் திட்டிலும் இதைத் தொடங்க விரும்புகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

நிதி தேடிப் போகாதீர்கள். ஓர் ஆண்டு அளந்து எழுதுங்கள். பள்ளிச் சுவரிலோ கோயில் தூணிலோ, நினைவிலுள்ள ஒவ்வொரு வெள்ளமும் எதுவரை ஏறியது என்று முதியவர்களைக் கேட்டு, ஆண்டைக் குறித்துக் கோடு போடுங்கள். முக்கொம்பிலிருந்தும், கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்தும் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது செய்தியில் வரும். அந்த எண்ணையும் உங்கள் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால், இரண்டு மூன்று வெள்ளத்துக்குள் எத்தனை கன அடிக்கு உங்கள் எந்தத் தெரு நனையும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஐந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, உப்புச் சுவையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடைகளில் ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதற்கு ஒவ்வோர் அமாவாசையும் ஒரு குச்சி நடுங்கள். எங்கள் நோட்டில் முதல் பக்கத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள், கோடு போட்ட நாளில் சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கோயில் பூசாரி.